கடைமடைச் சிலிண்டர்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதை மியாட்டா என்பார்கள். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஏறக்குறைய 115 குதிரைத்திறன். வளைவுகளில் அது ஓடும் அழகைக் குறை சொன்னவர்கள் அபூர்வம். நேர்ச்சாலைக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் பவர் இருந்திருக்கலாமே என்று சொல்லாதவர்களும் அபூர்வம். அதனால்தான் இந்தக் காருக்கு டர்போ பூட்டுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 200 குதிரைத்திறனைத் தாண்டுவது இன்று பெரிய வித்தையில்லை.

தாண்டியபின் ரேஸ் டிராக்கில் வைத்து விரட்டும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் அடிபட்டிருப்பது அடிக்கடி ஒரே சிலிண்டராக இருக்கும்: பின்கோடியில், டிரைவரின் கால் பக்கம் இருக்கும் நான்காவது சிலிண்டர். மற்ற மூன்றுக்கும் போன அதே காற்று, அதே பெட்ரோல், அதே டர்போ. மாறுபட்டது தண்ணீர் மட்டும்தான்.

இந்த எஞ்சின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற, முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணக் கார்களுக்காக உருவானது. அங்கே எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். வாட்டர் பம்ப் ஒரு முனையில். சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டும் வெளியேறும் வாயும் மறுமுனையில். பம்ப் தள்ளும் தண்ணீர் நான்கு சிலிண்டர்களையும் கடந்தால்தான் வெளியே போக முடியும். எம்எக்ஸ்-5இல் அதே எஞ்சினை நெடுக்குவாட்டில் வைத்தார்கள். இப்போது அந்த மறுமுனை, காரின் உள்ளறையை ஒட்டிய தடுப்புத் தகட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அங்கே தெர்மோஸ்டாட் கூடும் அதன் குழாயும் வைக்க இடம் நெருக்கடி. ஆகவே தெர்மோஸ்டாட்டை முன்பக்கம், பம்ப் இருக்கும் அதே முனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் நுழைகிறது, முன்னாலேயே வெளியேறுகிறது. எளிதான வழி இருக்கும்போது எந்தத் தண்ணீரும் நெடுவழி போகாது. முதல் சிலிண்டர் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயல், நான்காவது கடைமடை. ஹீட்டருக்குப் போகும் ஒரு சிறு குழாய் மட்டும் பின்முனையிலிருந்து கிளம்புவதால் கடைமடைக்கும் கொஞ்சம் பாய்ச்சல் கிடைக்கிறது. எடையைக் குறைக்கிறேன் என்று ஹீட்டரைக் கழற்றி எறிந்து அந்தக் குழாயையும் அடைத்துவிடுகிறவர்கள், இருந்த அந்தச் சொற்பத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதை மாஸ்டாவின் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 115 குதிரைத்திறனுக்கு அந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். லட்சக்கணக்கான கார்கள் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கின்றன. போதாமல் போவது நாம் கைவைத்த பிறகு. ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரும் எண்ணெயும்தான் சுமந்துபோய் வெளியே கொட்ட வேண்டும். 100 குதிரைத்திறன் என்பது சுமார் 75 கிலோவாட். முழு வேகத்தில் எஞ்சின் அதைத் தரும்போது, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் ரேடியேட்டருக்கும் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பவரை இரட்டிப்பாக்கினால் இந்த வெப்பமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சாலையில் இது தெரியாது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும் சிறிய காருக்கு இருபது சொச்சம் குதிரைத்திறனே அதிகம்; முழுப் பவர் கேட்பது ஓவர்டேக் செய்யும் சில விநாடிகள் மட்டும். ரேஸ் டிராக்கில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி இருபது நிமிடம் ஓட வேண்டியிருக்கும். ஊருக்குள் ஒருநாளும் ஹீட் ஆகாத வண்டி மூன்றாவது சுற்றிலேயே கொதிப்பது இதனால்தான்.

சூடு ஏறினால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளையும், அதன் காஸ்கெட் போகும். இது எல்லாருக்கும் தெரிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று, சூடு பவரையே தின்றுவிடும் என்பது.

சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். தீ இன்னும் வந்து சேராத மூலையில் மிஞ்சியிருக்கும் காற்று-பெட்ரோல் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். சாதாரண வண்டியில் அது மேடேறும்போது கேட்கும் டிக் டிக் ஓசையோடு போகும். டர்போ எஞ்சினில் அது பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பையே உடைத்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய உலோகம் எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் நாக்கிங் வரும். அதைத் தடுக்கக் கையில் இருக்கும் சுலபமான வழி இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது. தள்ளினால் பவர் குறையும். தாமதமாக எரிந்த தீ புகையோடு வெளியேறி எக்ஸாஸ்ட்டை இன்னும் சூடாக்கும். இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான பழைய எஞ்சின்களில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே டைமிங்தான். நான்காவது ஒன்று மட்டும் கொதிக்கிறது என்பதற்காக மற்ற மூன்றும் தங்கள் பவரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. டியூன் செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைமடை தாங்கும் அளவுக்கு மேல் போக முடியாது.

எம்எக்ஸ்-5 ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், தண்ணீரின் பாதையைப் பழையபடி திருப்புவது. ஹெட்டின் பின்முனையில் உள்ள வாயில் தெர்மோஸ்டாட்டைப் பொருத்துகிறார்கள். முன்பக்கத்துப் பழைய வாயை ஒரு தகடு போட்டு மூடுகிறார்கள். பின்முனையிலிருந்து ஒரு நீண்ட ஹோஸ் பைப் எஞ்சினின் பக்கவாட்டில் ஓடி ரேடியேட்டரின் மேல்வாய்க்கு வருகிறது. இப்போது தண்ணீர் முதல் சிலிண்டரில் தொடங்கி நான்காவது வரை வந்தே தீர வேண்டும். இதற்கென்றே தயாரான கிட்கள் கிடைக்கின்றன. மாஸ்டா வடிவமைத்த எஞ்சினோடு வந்த பழைய கியா ஸ்போர்ட்டேஜின் தண்ணீர்க் கூட்டை வாங்கித் தாங்களே செய்துகொள்கிறவர்களும் உண்டு. மாஸ்டா நிறுவனமே 2001 வாக்கில் ஹெட் காஸ்கெட்டின் துளைகளை மாற்றியமைத்து, பின்பக்கம் கூடுதல் தண்ணீர் போக வழி செய்தது. கம்பெனியே கைவைத்த பிறகு இது வெறும் கடைக்காரர் கதை இல்லை என்று தெளிவாகிறது.

செய்யும்போது இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். முதல் தலைமுறைக் காரில் ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் சுவிட்ச் முன்பக்கக் கூட்டில் இருக்கிறது. ஓட்டம் நின்றுபோன இடத்தில் அதை விட்டுவைத்தால் எஞ்சின் கொதித்தாலும் ஃபேனுக்குத் தெரியாது. சுவிட்சையும் இடம் மாற்ற வேண்டும். அடுத்தது காற்றுக் குமிழ். புதிய குழாய் பூட்டித் தண்ணீர் ஊற்றியதும் ஹெட்டுக்குள் எங்காவது காற்று சிக்கிக்கொள்ளும். காரின் மூக்கை ஜாக்கி போட்டுத் தூக்கி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டு ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். பொறுமை வேண்டிய வேலை. அவசரப்பட்டால் அந்தக் குமிழ் போய் உட்காரும் இடம் எஞ்சினிலேயே சூடான இடமாக இருக்கும்.

தண்ணீரின் திசையை மாற்றி நேரடியாகவே பவர் எடுத்தவர்களும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1992 கார்வெட்டில் வைத்த எல்டி1 என்ற 5.7 லிட்டர் வி8 எஞ்சினில், ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்து வரும் தண்ணீர் வழக்கம்போல முதலில் பிளாக்குக்குப் போகாமல் ஹெட்டுக்குப் போனது. சூடு அதிகமாக இருக்கும் இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் முதலில். அதனால் நாக்கிங் தள்ளிப்போனது. கம்ப்ரஷன் விகிதத்தை 10க்கு மேல் ஏற்ற முடிந்தது. 300 குதிரைத்திறன் கிடைத்தது. அதற்கு முந்தைய எஞ்சின் 250ஐ ஒட்டித்தான் தந்தது. எல்லாப் பெருமையும் தண்ணீருக்கே என்று சொல்ல முடியாது, ஹெட்டும் கேம்ஷாஃப்ட்டும்கூட மாறின. 1997இல் வந்த அடுத்த எஞ்சின் மறுபடி பழைய திசைக்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் குளிர்ச்சியைப் பவராக மாற்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி ரேடியேட்டர். வண்டி ஹீட் ஆகிறது என்றதும் கடைக்காரர் காட்டுவது தடித்த அலுமினிய ரேடியேட்டரைத்தான். வாங்கலாம், தவறில்லை. ஆனால் தடிமன் கூடக்கூடப் பலன் அதே விகிதத்தில் கூடாது. முன்வரிசைக் குழாய்களைக் கடந்த காற்று அதற்குள்ளேயே சூடாகிவிடும். பின்வரிசைக்குக் கிடைப்பது அனல் காற்று. தவிர, தடித்த ரேடியேட்டரைக் கண்டால் காற்று உள்ளே போகாமல் பக்கத்து இடுக்குகளில் நழுவிவிடும். ஆகவே ரேடியேட்டர் வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அலுமினியத் தகட்டுக்கும் ஸ்பாஞ்ச் பட்டைக்கும் செலவழியுங்கள். பம்பர் வாயில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி மேலும் கீழும் பக்கங்களிலும் அடைத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. பளபளப்பாக இல்லாததால் யாரும் இதைச் செய்வதுமில்லை.

வண்டிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. ஆயில் மாற்றும்போது இடைஞ்சல் என்று கழற்றிய அதைத் திரும்ப மாட்டாமல் விடுவது வழக்கம். ஊருக்குள் ஒன்றும் ஆகாது. வேகமாகப் போகும்போது அந்தத் தட்டுதான் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவைத்துக் காற்றை உள்ளே இழுக்க உதவுகிறது. தட்டில்லாத எம்எக்ஸ்-5 நகர நெரிசலில் சமர்த்தாக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் சூடேறுவது பலரைக் குழப்பியிருக்கிறது. இதே போன்றது பானெட் விஷயம். பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர் கொடுத்துப் பானெட்டைத் தூக்கிவைத்தால் சூடு வெளியேறும் என்று நினைக்கிறார்கள். முன்கண்ணாடியின் அடிப்பகுதி வேகத்தில் காற்றழுத்தம் கூடும் இடம். அங்கே காற்று வெளியேறாது, உள்ளேதான் வரும். திறப்பு வைப்பதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் வைக்க வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் சகஜமான ஒரு வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது. "அது எதுக்கு சார், தண்ணி ஃப்ரீயா ஓடட்டும்" என்பார்கள். எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு இன்னும் வண்டி குளிராக இருக்கிறது என்றெண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் கழுவப்பட்டுத் தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் வேலையையும் செய்யும். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 82 டிகிரியில் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிப் போடுவதே சரி.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்யக் கூடாது. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 118 டிகிரி வரை பொறுக்கும். ரப்பர் தளர்ந்த மூடி அந்தப் பதினெட்டு டிகிரியையும் பறித்துவிடும். கூலன்ட் கலவையிலும் ஒரு முரண் இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை; பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் சுமக்கும் திறன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஆனால் கொதிநிலை உயரும், துரு பிடிக்காது, பனியில் உறையாது. சாலை வண்டிக்குக் கலவை வேண்டும். ரேஸ் வண்டிக்குத் தண்ணீரோடு துருத்தடுப்பு மருந்து மட்டும். கிளைக்கால் சிந்தினால் டிராக் வழுக்கும் என்பதால் பல டிராக்குகளில் அதற்குத் தடையே இருக்கிறது.

இப்போது டர்போவுக்கு வரலாம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். 35 டிகிரி வெயிலில் டர்போ 0.7 பார் பூஸ்ட் தருகிறது, அதன் செயல்திறன் 70 சதவீதம் என்று கொண்டால், வெளியே வரும் காற்றின் சூடு ஏறத்தாழ 107 டிகிரி. அதை இன்டர்கூலர் வழியாக 50 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். அந்த அளவுக்குக் கூடுதல் பெட்ரோல் எரிக்கலாம். நாக்கிங்கும் விலகி நிற்கும். பூஸ்டை ஏற்றிப் பவர் எடுப்பதைவிடக் காற்றைக் குளிர்வித்து எடுப்பது எஞ்சினுக்கு நல்லது.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. சின்னக் காரின் மூக்கில் இருக்கும் இடம் கொஞ்சம். அங்கே இன்டர்கூலர் முன்னால், ஏசி கண்டென்சர் அடுத்து, ரேடியேட்டர் கடைசியில். இன்டர்கூலர் தன் சூட்டைக் கொட்டிய காற்றைத்தான் ரேடியேட்டர் வாங்குகிறது. பவருக்காக வைத்த பொருளே குளிர்ச்சியைப் பறிக்கிறது. ஆகவே இன்டர்கூலரை மூக்கு முழுவதையும் மறைக்கும் அளவுக்கு வாங்கிவிடாதீர்கள். டர்போ ஊதும் காற்றுக்குப் போதுமானது எதுவோ அதுவே சரியான அளவு.

எண்ணெயைத் தண்ணீரின் தம்பியாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிஸ்டனின் அடிப்பாகத்துக்கும் பேரிங்குகளுக்கும் தண்ணீர் போக முடியாது, எண்ணெய்தான் போகும். டர்போவின் பேரிங்குக்கும் அதுதான் உயிர். 100 முதல் 120 டிகிரி வரை எண்ணெய்க்கு இயல்பான வேலைச் சூடு. 140ஐ நெருங்கினால் அது மெலிந்து படலம் கிழியத் தொடங்கும். ஆயில் கூலர் வைக்கும்போது தனி தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். குளிர்ந்து கெட்டியான எண்ணெயும் எஞ்சினுக்கு ஆகாது. விரட்டி ஓட்டிய பின் உடனே சாவியைத் திருகி நிறுத்தாமல் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் டியூனிங். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்டில் இருக்கும்போது 12க்குக் கீழே இறக்கிவைப்பது வழக்கம். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். குளிர்ச்சி சரியாக இல்லாத எஞ்சினை டியூன் செய்யப் போனால், டியூனர் இந்தப் பெட்ரோலையும் பின்தள்ளிய டைமிங்கையும் வைத்தே காப்பாற்றப் பார்ப்பார். செலவழித்த பணத்துக்குப் பவர் வராது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒரு மீட்டரிலிருந்து என்பேன். பல கார்களின் டேஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள், டிரைவர் பதறக் கூடாதென்று எஞ்சின் 80இல் இருந்தாலும் 105இல் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது நகரும்போது ஏற்கெனவே தாமதம். எண் காட்டும் மீட்டர் இரண்டு, தண்ணீருக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, வாங்கிப் பொருத்தி ஒருநாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். வேகம் குறைந்தால் சூடு ஏறுகிறதா? ஃபேனையும் அதன் உறையையும் பாருங்கள். வேகம் கூடினால் ஏறுகிறதா? காற்றின் வழியைப் பாருங்கள். இரண்டிலும் எண் நன்றாக இருந்தும் பின் சிலிண்டரில் நாக்கிங் என்றால் தண்ணீரின் பாதையைப் பாருங்கள். டர்போ வாங்குவது அதற்கும் அடுத்து.

இந்தியாவில் செய்கிறவர்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எஞ்சினில் கைவைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள். விரட்டிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் இருக்கிறது.